நான் யார்?

"நான் யார்?" என்ற கேள்வியை ஒவ்வொருவரும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும் என்று திருவண்ணாமலையில் ரமண மகரிஷிகள் உபதேசித்து வந்தார். அதற்கு விடை காண ஒரு ஜன்மம் போதாது என்பார்கள் பெரியோர்கள். ஆனால் நான் உபாத்தியாயராக இருக்கும் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக் குழந்தைகள் அதற்கு ஐந்தே வாக்கியங்களில் விடை சொல்லியாக வேண்டும். அதுவும் இங்கிலீஷில்!

பள்ளி திறந்ததும் நான் நடத்தும் முதல் பாடம் இதுதான். பெயர், ஊர், வகுப்பு, தகப்பனார் தொழில், எதிர்கால லட்சியம் ஆகிய ஐந்தையும் எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஒரு பையன், "ஐ ஆம் கமிங் ஃப்ரம் கும்பகோணம்" என்பான். இங்கிலீஷ்காரர் காதில் அது விழுந்தால், பையன் இன்னும் ரயிலில்தான் வந்துகொண்டிருக்கிறான் போலும் என்று எண்ணுவார். குற்றம் பையனுடையது அல்ல. தமிழில் 'வருகிறேன்' என்ற ஒரே சொல் தினந்தோறும் வருவதையும் குறிக்கும். இந்த நிமிஷம் வந்துகொண்டிருப்பதையும் குறிக்கும். இங்கிலீஷில் இரண்டுக்கும் இரண்டு உருவங்கள். இன்னொருவன், "ஐ ஸ்டூடண்ட்" என்று நிறுத்திவிடுவான். 'நான் மாணவன்' என்றாலே நமக்கு வாக்கியம் முடிந்துவிடுகிறதே! நடுவில் ஒரு 'ஆம்' வேண்டும் என்பது அவனுக்கு எப்படித் தெரியும்?

இத்தகைய பிழைகளைக் கண்டு நகைப்பது உபாத்தியாயர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்கும் அப்படித்தான் இருந்தது, சென்ற வருஷம் வரையில்.

சென்ற வருஷம் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் தகப்பனார் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். "மை ஃபாதர் இஸ் எ லோட்மேன். தே ஆர் கேரியிங் ரைஸ் பாக்ஸ்" என்றாள்.

"'தே' என்றால் பல பேர் ஆயிற்றே! உனக்கு எத்தனை தகப்பனார், அம்மா?" என்று கேட்டேன்.

வகுப்பு முழுவதும் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். அதன் பிறகு ஒரு வாரம் அவள் இங்கிலீஷ் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. தனியே அழைத்துக் காரணம் கேட்டேன். வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"'ஹீ' என்றால் 'அவன்' என்றுதானே ஸார் எழுதிப் போட்டீர்கள்? மண்டியில் எல்லோரும் எங்கப்பாவை 'அவன், இவன்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நானும் அப்படிச் சொல்லணுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பி.ஏ. பட்டம் பெற்ற நான் யோசிக்காததை அந்தக் குழந்தை யோசித்திருந்தது! 'அவர்' என்பது ஆதியில் பன்மைச் சொல். ஒருவரைப் பலராகச் சொல்வதே மரியாதை என்று நம் முன்னோர்கள் கொண்டதால் அது ஒருமைக்கும் வந்தது. இங்கிலீஷ்காரர்களும் இதையேதான் செய்தார்கள். ஒருவரை அழைக்க அவர்களிடம் 'தௌ' என்ற சொல் இருந்தது. 'யூ' பலரைக் குறித்தது. மரியாதையின் பொருட்டு ஒருவரையே 'யூ' என்று அழைக்கத் தொடங்கி, நாளடைவில் பழைய சொல் பேச்சு வழக்கிலிருந்து ஏறக்குறைய மறைந்தே போயிற்று. இரண்டு பாஷைகளின் மகாஜனங்கள் பல நூற்றாண்டுகளில் செய்ததை இந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் செய்தாள். அதற்குக் கிடைத்த பரிசு என்னுடைய பரிகாசம்!

மறுநாள் வகுப்பில் எல்லோருக்கும் முன்னால், "அன்று நான் சிரித்தது தப்பு" என்று சொன்னேன். பிறகு ஒரு கதை சொன்னேன். 1913-ம் வருஷம் ஜனவரி மாதம் 16-ந் தேதி சென்னையிலிருந்து ஒருவர் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டி என்னும் கணித மேதைக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதினார். தாம் துறைமுகக் காரியாலயத்தில் வருஷத்துக்கு 20 பவுன் சம்பளம் பெறும் குமாஸ்தா என்றும், சர்வகலாசாலைப் படிப்பு இல்லாதவர் என்றும் ஒளிக்காமல் தம்மை அறிமுகம் செய்துகொண்டார். கும்பகோணம் கல்லூரியில் இங்கிலீஷில் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்த ராமானுஜன்தான் அவர். தம் நிலைமையைச் சொல்ல அவர் கூசவில்லை.

"'ஹீ' என்பதில் அவமரியாதை கிடையாது. இங்கிலாந்து தேசத்து ராஜாவும் 'ஹீ'தான். மூட்டை தூக்குகிறவரும் 'ஹீ'தான். 'அவன்' என்று எழுதிப் போட்டது என் பிழை" என்று முடித்தேன்.

அந்தப் பெண் எழுந்து நின்றாள். "ஹீ கேரீஸ் ரைஸ் பாக்ஸ்" என்றாள். குரல் சற்று நடுங்கிற்று. ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தேசம் 1947-ல் விடுதலை அடைந்தது. பிறர் பாஷையில் பிழை நேர்ந்தால் வெட்கப்படுகிறோம்; நம் பாஷையில் உழைப்பவரை 'அவன்' என்று சொல்ல மட்டும் நமக்கு வெட்கமில்லை. அடுத்த வாரம் அரிசி வாங்க மண்டிக்குப் போயிருந்தேன். மூட்டையை வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. "அவனைக் கூப்பிடுங்கள்" என்ற வார்த்தை நாக்கின் நுனி வரையில் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, "அவரைக் கூப்பிடுங்கள்" என்றேன்.

மண்டிக்காரர், "எவரை?" என்று கேட்டுவிட்டு, வாசல் பக்கம் திரும்பி யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறாரோ என்று பார்த்தார்.