சங்குக்குள் இருந்த உயிர்

தமிழர் வாழ்க்கை சங்கில் தொடங்கி சங்கில் முடிகிறது. குழந்தைக்குப் பால் புகட்டச் சங்கு, கோவிலில் ஊதச் சங்கு, கடைசி ஊர்வலத்திலும் சங்கு. ஆலையில் அலறும் சைரனுக்குக்கூட நாம் வைத்த பெயர் சங்குதான்! ஆனால் அந்த ஓட்டைக் கட்டிய உயிரை எத்தனை பேர் பார்த்திருப்போம்?

சங்கு ஒரு பெரிய கடல் நத்தையின் ஓடு. அறிவியல் பெயர் டர்பினெல்லா பைரம். மன்னார் வளைகுடா, பாக் நீரிணைப் பகுதிகளில் மணற்பாங்கான கடலடியில் ஊர்ந்து, அங்குள்ள புழுக்களைத் தின்று வாழ்கிறது. உயிரோடு இருக்கும்போது ஓட்டின்மேல் பழுப்பு நிறத் தோல் மூடியிருக்கும். அதை நீக்கிய பிறகே நாம் காணும் வெண்மை!

தூத்துக்குடி, கீழக்கரைப் பக்கம் சங்கு குளிப்பவர்கள் மூழ்கி எடுத்த சங்குகள் பெரும்பாலும் வங்காளத்துக்குப் போயின. அங்கே மணமான இந்துப் பெண்கள் அணியும் வெள்ளை வளையல் இந்தச் சங்கை அறுத்துச் செய்வதுதான். டாக்காவில் இந்தத் தொழிலாளர்களின் பெயரிலேயே சங்காரி பஜார் என்று ஒரு தெரு இருக்கிறது. நம் கொற்கையிலும் பழங்காலத்தில் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்துள்ளன.

அடுத்து, வலம்புரி. சங்கின் ஒடுங்கிய வால் மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடியுங்கள். திறப்பு இடப்பக்கம் இருந்தால் இடம்புரி. வலப்பக்கம் இருந்தால் வலம்புரி. வலம்புரி மிக மிக அபூர்வம். அதனால்தான் ஏமாற்றும் அதிகம். அமெரிக்கக் கடலோரத்தில் இயல்பாகவே இப்படிச் சுழலும் வேறொரு நத்தை உண்டு. அதன் ஓட்டை வலம்புரி என்று விற்றுவிடுகிறார்கள். உண்மையான சங்கின் வாய்க்குள், நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாகத் தெரியும். அமெரிக்க நத்தையில் அவை இருக்காது. பணம் கொடுக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்!

இதையெல்லாம்விட முக்கியமான விஷயம் ஒன்று. பல கடல் நத்தைகளின் குஞ்சுகள் நீரில் மிதந்து வெகுதூரம் பரவும். சங்கு அப்படியல்ல. கடாவின் கொம்பைப்போல் முறுக்கிய, அறை அறையான முட்டைக்கூட்டை மணலில் ஊன்றி வைக்கிறது. அதிலிருந்து குட்டிச் சங்குகளாகவே வெளிவந்து, பக்கத்திலேயே ஊர்ந்து வளர்கின்றன. ஆகவே ஓரிடத்தில் முழுவதையும் வாரிவிட்டால், வேறிடத்திலிருந்து மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்ப எதுவும் இல்லை.

சிறிய சங்கு கிடைத்தால் கடலிலேயே விட்டுவிடும் பழைய வழக்கத்தின் அருமை இதில்தான் இருக்கிறது. வலம்புரி வீட்டுக்குச் செல்வம் தருமோ தராதோ, தப்பிய அந்தக் குட்டிச் சங்கு கடலுக்கு நிச்சயம் தரும்.