2035-இன் மாணவர்கள் பிறந்துவிட்டார்கள்

2035-ஆம் ஆண்டுக்குள் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 50 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்கிறது 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி அது 28.4. நான் வாசித்த நிறுவன வளர்ச்சித் திட்டங்கள் பெரும்பாலும் இவ்விரு எண்களில் தொடங்குகின்றன. அடுத்த பக்கத்திலேயே புதிய துறைகளும் கட்டடங்களும் எழுந்துவிடுகின்றன.

விகிதம் என்றால் வகுக்கும் எண் ஒன்று உண்டு. இங்கு அது 18 முதல் 23 வயது வரையிலானோரின் தொகை. 2035-இல் அவ்வயதில் இருக்கப்போகிறவர்கள் ஏறத்தாழ 2012-க்கும் 2017-க்கும் இடையில் பிறந்தவர்கள். அவர்களை ஊகிக்கத் தேவையில்லை, எண்ணிவிடலாம். அவர்களுக்குப் பின் வருவோரைப் பற்றி 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு பேசுகிறது: நாட்டின் மொத்தக் கருவள விகிதம் 2.0, பீகாரில் 3.0, கேரளத்தில் 1.8. பாட்னாவும் கொச்சியும் ஒரே திட்டத்தை எழுத இயலாது. இளையோர் தொகை சுருங்கும் மாநிலத்தில் ஒரு மாணவர்கூடக் கூடாமலேயே விகிதம் உயரும். அதைச் சாதனை என்று அறிக்கையும் எழுதுவோம்.

வட இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்றின் திட்டக் குழுவுக்குப் புறச்சூழல் பற்றிய அட்டவணைகளைத் தொகுத்துத் தரும் பணி எனக்கு வாய்த்தது. மாவட்டவாரியான பள்ளிச் சேர்க்கையைத் தொகுத்தளித்தேன். உறுப்பினர்கள் செயற்கை நுண்ணறிவைப் பற்றி நெடுநேரம் உரையாடினர். என் அட்டவணை பின்னிணைப்புக்குச் சென்றது (எழுத்தளவும் குறைந்திருந்தது). ஓசையுள்ள மாற்றங்களே நம் குழுக்களின் செவிக்கு எட்டுகின்றன.

பொறியியல் கல்வியில் இதன் விளைவைக் கண்டிருக்கிறோம். இடங்கள் நிரம்பாத நிலையில், 2020-21 முதல் புதிய கல்லூரிகளுக்குச் சில விலக்குகளுடன் தடை வந்தது. 2023-24-இல் அது நீங்கியது. மறு ஆண்டே பாடப்பிரிவுகளுக்கான இட உச்சவரம்பும் தளர்ந்தது. கல்லூரிகள் கணினிப் பிரிவுகளை நோக்கி விரைந்தன.

மத்தியப் பல்கலைக்கழகத்தில் 30 வயதில் சேரும் ஆசிரியர் 65-இல் ஓய்வு பெறுகிறார். ஆகவே ஒரு நிரந்தரப் பணியிடம் என்பது 35 ஆண்டுக்கான முடிவு. அத்தனை தொலைவு பார்க்க அஞ்சும் நிர்வாகம் ஒப்பந்த நியமனத்தில் ஒதுங்கிக்கொள்கிறது. கணிப்பு பிழைத்தால் முதலில் வெளியேற்றப்படுபவர் துணைவேந்தர் அல்லர். இன்று ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கும் நம்மில் ஒருவர். மாவட்டத்தின் முதல் வகுப்புச் சேர்க்கையை ஆண்டுதோறும் குறித்துவைக்க ஓர் ஆய்வாளருக்குச் சில நாட்கள் போதும். யூடைஸ் தரவுகள் பொதுவெளியிலேயே கிடைக்கின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தில் எவரேனும் இதைச் செய்கிறார்களா? அறிந்தவர்கள் எழுதுங்கள்.