என் பெயரில் ஒரு பூட்டு

மாசக் கடைசி. சர்வரில் இருக்கும் சம்பளப் பட்டியலைத் திறந்தால், ‘வேறொருவர் உபயோகத்தில் இருக்கிறது’ என்று எக்செல் அடம் பிடிக்கிறது. யாரந்தப் புண்ணியவான் என்று பார்த்தால், என் பெயர்!

பத்து நிமிஷம் முன்னால் எக்செல் உறைந்துபோனதும், பொறுமையில்லாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தது நான்தான். ஃபைலைத் திறக்கும்போது அதன் பக்கத்திலேயே எக்செல், ~$ என்று தொடங்கும் ஒரு மறைவான குட்டி ஃபைலை எழுதி வைக்கும். உள்ளே திறந்தவர் பெயர். ஒழுங்காக மூடினால் எக்செலே அதை அழித்துவிடும். நான் எங்கே ஒழுங்காக மூடினேன்?

அந்தக் குட்டியை அழித்தால் போதும் என்று நினைத்தேன். அழிய மறுத்தது. யார் எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார் என்று சர்வர் தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறதாம். என் மெஷின் செத்தது அதற்கு இன்னும் தெரியாது. கடையை மூடிவிட்டுப் போனவருக்காக வாசலில் காத்திருக்கிற கதை.

“சர்வரையே ரீஸ்டார்ட் பண்ணிடலாமாண்ணே?” என்றேன். சிஸ்டம் அட்மின் அண்ணன் முறைத்தார். “நாப்பது பேர் வேலை பாத்துட்டு இருக்காங்க தம்பி.”

பிறகு அவர் திறந்தது கம்ப்யூட்டர் மேனேஜ்மென்ட், ஷேர்டு ஃபோல்டர்ஸ், அதற்குள் ஓப்பன் ஃபைல்ஸ். என் பெயருக்கு நேரே இருந்த அந்த ஒரு வரியில் ரைட் க்ளிக் செய்யப் போனவர், நிறுத்திவிட்டுக் கேட்டார்: “வேற எங்கயும் திறந்து வைக்கலையே? சேவ் பண்ணாதது போயிடும்.”

“இல்லண்ணே.”

மூடினார். திறந்தது. கடைசி இருபது வரிகளைக் காணோம். மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறேன்.