ஜாதவ்பூரிலிருந்து கானிங் வரை

கொல்கத்தாவுக்கு வரும் நம்மவர் காளிகட்டத்தையும் தக்ஷிணேசுவரத்தையும் தரிசித்து, விக்டோரியா மண்டபத்தையும் பார்த்துவிட்டால் திருப்தியடைந்துவிடுகின்றனர். சியால்தாவிலிருந்து தெற்கே கானிங் வரை செல்லும் சுமார் 45 கிலோ மீட்டர் ரயில் பாதையைப் பார்க்கத்தக்கதென்று எவரும் சொல்வதில்லை. ஆயினும், பருவநிலையும் சுற்றுச்சூழலும் மாறி வருவதைப் பல்கலைக் கழகத்தில் பயில விரும்பும் பிள்ளைகளுக்கும், "அந்தப் படிப்பு சோறு போடுமா?" என்று கவலையுறும் பெற்றோருக்கும் இப்பாதை பல விஷயங்களைப் போதிக்கும்.

வழியில் ஜாதவ்பூர் நிலையம் வருகிறது. அதனருகே 1955-இல் தோன்றிய பல்கலைக் கழகம் இருக்கிறது. அங்குள்ள கடலியல் துறையினர் சுந்தரவனத் தீவுகளின் பழைய நிலப்படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் ஒப்பிட்டு, கரை எவ்வளவு கரைந்தது எனக் கணக்கிடுகின்றனர். கோராமாரா என்னும் தீவு பாதிக்கு மேற்பட்ட நிலத்தை இழந்துவிட்டது. இதற்குக் காரணம் ஒன்றன்று. கடல் மட்டம் உயர்கிறது. வண்டல் நிலம் தானே அமிழ்கிறது. நீரோட்டமும் புயலும் கரையை அரிக்கின்றன. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்று பிரித்தறிவதே இப்படிப்பின் சாரம். பௌதிகம், ரசாயனம், கணிதம் ஆகியவற்றில் பயிற்சியுள்ள மாணவரே இதில் தேற முடியும்.

இவ்வித்தை இந்நகருக்குப் புதிதன்று. 1864 அக்டோபரில் பெரும்புயல் ஒன்று கல்கத்தாவைச் சூறையாடியது. பிரசிடென்ஸி கல்லூரியில் ஆசிரியராயிருந்த ஹென்றி பிளான்போர்டு அதனை ஆராய்ந்தார். 1875-இல் இந்திய வானிலைத் துறை நிறுவப்பட்டபோது அவரே அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

பாதையின் கடைசி நிலையம் கானிங். மாட்லா நதிக் கரையில் கல்கத்தாவுக்குத் துணையாக ஒரு துறைமுகம் அமைக்க ஆங்கிலேயர் எண்ணினர். கப்பல்களின் தினக்குறிப்புகளைத் திரட்டிப் புயல்களை ஆராய்ந்து, 1848-இல் 'சைக்ளோன்' என்னும் பெயரை வழங்கிய ஹென்றி பிடிங்டன், அங்கு ஒருநாள் புயலோடு கடல்நீர் பொங்கிவரும் என 1853-இலேயே அரசாங்கத்துக்கு எழுதினார். அச்சொல் ஏறவில்லை. துறைமுகம் எழுந்தது, ரயிலும் வந்தது. 1867-இல் புயல் வந்து துறைமுகத்தைப் பாழாக்கிற்று. ரயில் மட்டுமே இன்றும் ஓடுகிறது.

பழங்கதை என இதனைத் தள்ளுவதற்கில்லை. சுந்தரவனத்தில் சுமார் 3,500 கிலோ மீட்டர் நீளமுள்ள கரைகளே வயல்களைக் காக்கின்றன. 2009 மே 25-ஆம் தேதி ஐலாப் புயல் பல இடங்களில் அக்கரைகளை உடைத்து, வயல்களில் உப்பு நீரை நிரப்பிற்று. மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேர் அதனை உறிஞ்ச இயலாது, பயிர் கருகும். கானிங்கிலேயே மத்திய உவர்நில ஆராய்ச்சி நிலையத்தின் கிளை ஒன்று, உப்பைத் தாங்கும் நெல் வகைகளை ஆராய்ந்து வருகிறது.

விளைச்சலை இழந்த குடியானவர் பலர் சென்னைக்கும் கேரளத்துக்கும் கூலி வேலை தேடிப் புறப்பட்டனர். பிழைப்புக்காக நாம் விட்டுவந்த திசையை நோக்கி, பிழைப்புக்காகவே அவர்கள் சென்றனர். விடியற்காலைக் கானிங் வண்டியில் வந்திறங்கும் பெண்கள் தென் கொல்கத்தா வீடுகளில் பாத்திரம் துலக்குகின்றனர். நம்மவர் இல்லங்களிலும் அவர்கள் உண்டு. அவர்களுடைய ஊர் எவ்வாறிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருப்போம்?

பிள்ளைகள் எஞ்சினீயராகவும் டாக்டராகவும் ஆகட்டும், அதில் தவறில்லை. ஆயினும், கடலையும் மழையையும் அளந்து, பிடிங்டனைப்போல் முன்கூட்டிச் சொல்லும் ஆட்களும் நாட்டுக்கு வேண்டும். அவ்விருப்பமுள்ள பிள்ளை உங்கள் இல்லத்தில் இருப்பின், குளிர்காலத்து ஞாயிறு ஒன்றில் கானிங்குக்கு அழைத்துச் செல்லுங்கள். நீர் வற்றும் வேளையில் மாட்லாவின் சேற்றுப் பரப்பையும், ஏற்றத்தில் அது நிறைவதையும் ஒரே நாளில் காணலாம். பிறகு அப்பிள்ளை கேட்கும் கேள்விகளைப் பொறுமையுடன் கேளுங்கள்.