இன்னிக்கும் பி.டி. கிடையாதாம்

பி.டி. பீரியட்ல கணக்கு டெஸ்ட் வச்சுட்டாங்கன்னு பையன் மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு வந்தான்.

5 வயசுலேர்ந்து 17 வரைக்கும் பிள்ளைங்க தினம் சராசரியா 60 நிமிஷமாவது ஓடியாடணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.
ஸ்கூல் வேன், டியூஷன், சோபா.
இதுல எங்க ஓட?

பசிச்சா கிரீம் பிஸ்கட். பாக்கெட்டோட பின்பக்கம் பாருங்க, பலதுல ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு சர்க்கரைதான்.

அப்பத்தா வேற, "புள்ள துரும்பா இளைச்சுட்டான்"னு இன்னொரு தோசை ஊத்துறாங்க.
போதும்னு அவன் சொன்னா விட்டுடலாம்ல? அவன் வயிறு அவனுக்குத்தானே தெரியும்!

சாயங்காலம் ஷட்டில் ஆடக் கூட்டிட்டுப் போனேன்.
நாலு அடியிலயே எனக்கு மூச்சு வாங்குது.
"அப்பா, கொஞ்சம் உக்காருங்க"ங்கிறான் 😄

உங்க தெருவுல பிள்ளைங்க விளையாட இடம் இருக்கா, இல்ல அங்கயும் கார் நிறுத்தியாச்சா?