கைக்கு எங்கிருந்து வருகிறது பலம்?

(மூன்றாம் ஆண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



கோல்ஃப் என்ற சொல்லைப் பார்த்ததும் உங்களில் பாதிப் பேர் பக்கத்தைப் புரட்டி விடுவீர்கள் என்று தெரியும். "அது பணக்காரங்க ஆட்டம்ப்பா, நமக்கென்ன?" என்று மலர்க் குழுவில் இருக்கும் என் நண்பனே கேட்டான். ஆனால் இந்த ஆட்டத்துக்குள் நம் ஒர்க்‌ஷாப் இருக்கிறது. நாளை நாம் வேலைக்குப் போகப்போகிற லைனும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இந்த ஆட்டம் தெரிய வந்தது கம்பெனிகளால்தான். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிஸான் வந்தது. கொரிய, ஜப்பானிய எஞ்சினியர்கள் வந்தார்கள். அவர்களோடு கோல்ஃப் மட்டைகள் நிறைந்த நீளப் பைகளும் வந்தன. என் மாமா அப்படி ஒரு கொரிய எஞ்சினியருக்குத்தான் கார் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் வண்டி நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்குக் கிளம்பிவிடும்.

மாமாவுக்கு ஒரு சந்தேகம். "மாப்ள, அந்த சார் ஒல்லிக்குச்சி, வயசு அம்பதுக்கு மேல. கூட வர்ற பையனுக்குக் கை ரெண்டும் உலக்கை மாதிரி. ஆனா அவன் அடிச்சா பந்து கொஞ்ச தூரம்தான் போவுது. இவரு சும்மா இடுப்பைத் திருப்பறாரு, பந்து காணாமப் போவுது. எப்பிடிடா? நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற, சொல்லு பார்ப்போம்."

எனக்கு உடனே ஃபிட்டிங் ஷாப் ஞாபகம்தான் வந்தது. முதலாண்டில் ஃபைல் போட்டுப் போட்டு மணிக்கட்டு வலிக்காதவர் நம்மில் யார்? சார் என்ன சொல்வார்? "கையால தேய்க்காதே. இடது காலை முன்னால வை. உடம்பால தள்ளு. கை, ஃபைலை லெவலாப் பிடிச்சாப் போதும்." கோல்ஃப் வீச்சுக்கும் இதே பாடம்தான்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். தூரம் அடிக்கும் மட்டைக்கு டிரைவர் என்று பெயர் (மாமாவுக்கு இதில் தனிப் பெருமை!). அதன் தலை சுமார் 200 கிராம். நன்றாக ஆடுகிறவர் வீசினால் அது விநாடிக்கு 45 மீட்டர் வேகத்தில் பந்தைத் தொடும். அரை எம்.வி. ஸ்கொயர் போட்டால் சுமார் 200 ஜூல். மேலிருந்து கீழே வீசி வர ஆகும் நேரம் ஏறக்குறையக் கால் விநாடி. 200-ஐ 0.25-ஆல் வகுத்தால் 800 வாட். ஒரு குதிரைத்திறனான 746 வாட்டையும் தாண்டிவிட்டது. கைகளையும் மட்டைத் தண்டையும் அசைக்க ஆகும் சக்தி தனி. இவ்வளவையும் முன்கைத் தசை மட்டும் கொடுக்க முடியுமா? முடியாது. தொடையும் இடுப்பும் முதுகும் சேர்ந்தால்தான் முடியும்.

அவை சேர்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கால் தரையை உதைக்கிறது. இடுப்பு திரும்புகிறது. பின்னாலேயே மார்பும் தோளும், அப்புறம் கை, கடைசியில் மட்டை. முன்னது வேகம் குறையும்போது அதன் சக்தி அடுத்ததற்குப் போகிறது. சாட்டையின் நுனி சொடுக்குவது இப்படித்தான். மடங்கியிருக்கும் மணிக்கட்டு கடைசி நேரத்தில் பெரும்பாலும் தானாகவே விரிந்துகொள்ளும். அவசரப்பட்டுக் கையால் அடித்தால் வரிசை கெட்டு வேகம் போய்விடும். அந்த உலக்கைக் கைப் பையனுக்கு நடப்பது இதுதான். மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பதே ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்த நேரத்தில் கை புதிதாக எந்தப் பலத்தையும் சேர்க்க முடியாது.

அப்படியானால் கைக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. வரும் சக்தியைச் சிந்தாமல் மட்டைக்குக் கொடுப்பதும், மட்டையின் முகத்தை நேராக வைப்பதும் கைதான். பந்து ஒரு டிகிரி விலகிப் போனாலே 200 மீட்டர் தூரத்தில் மூன்றரை மீட்டர் தள்ளி விழும்.

அமெரிக்க வீரர் பென் ஹோகனை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். கொல்லர் வீட்டுப் பிள்ளை. எடை சுமார் 64 கிலோதான். ஆனாலும் வெகுதூரம் அடிப்பார். கீழ்வீச்சை இடுப்பிலிருந்து தொடங்கு என்று 1957-ல் வந்த தன் நூலில் எழுதினார். சிறு வயதில் மைதானத்தில் பிறர் பையைத் தூக்கியவர். அவரோடு பை தூக்கிய இன்னொரு சிறுவன் பைரன் நெல்சன். அவருடைய வீச்சைப் பார்த்துப் பின்னாளில் பந்துகளைச் சோதிக்க ஓர் எந்திரமே செய்து 'அயர்ன் பைரன்' என்று பெயரிட்டார்கள். நம் நாட்டிலும் 1991-ல் இந்தியன் ஓப்பன் வென்ற அலி ஷேர், 2009-ல் வென்ற பெங்களூர் முனியப்பா இருவரும் பை தூக்கியே ஆட்டத்துக்கு வந்தவர்கள். பணக்காரர் ஆட்டம் என்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும்.

இன்பிளான்ட் டிரெய்னிங் போனபோது வெல்டிங் ரோபோவைப் பார்த்திருப்பீர்கள். ஆறு அச்சுகள். அடியில் உள்ள மூன்றுக்குப் பெரிய மோட்டார். மணிக்கட்டில் உள்ள மூன்றுக்குச் சின்ன மோட்டார். பெரிய வேலை அடியில், நுட்பமான வேலை நுனியில். ரோபோவுக்கு இவ்வளவு யோசிக்கிறோம். அதே ஷெட்டில் நிற்கும் மனிதனுக்கு யோசிக்கிறோமா?

நம் கல்லூரியில் முடித்த ஓர் அண்ணன் டிரெய்னியாக ஒரு தொழிற்சாலைக்குப் போனார். பெயர் வேண்டாம். தலைக்கு மேலே போல்ட் முடுக்கும் வேலை. நிற்கும் மேடை ஓர் அடி அகலம். காலை அகட்ட இடமில்லை, இடுப்பைத் திருப்ப வழியில்லை. கால், இடுப்பு, முதுகு மூன்றும் சும்மா நிற்க, எட்டு மணி நேரப் பாரமும் ஒரு தோளில் விழுந்தது. வலிக்குது என்றதற்கு "பழகினா சரியாயிடும் தம்பி" என்ற பதில்தான் வந்தது. பதினோராவது மாதம் தலைவாரக் கை மேலே போகவில்லை. வேலையை நீட்டிக்கவில்லை. அவருக்கு வயது 22. "கைக்குப் பலம் பத்தலைன்னு சொல்லி அனுப்பிட்டாங்கடா" என்றார். அந்த ஒல்லிக்குச்சி எஞ்சினியரைக் கால் அகட்டாமல், இடுப்பு திருப்பாமல் ஆடச் சொன்னால் அவர் பந்தும் காலடியில்தான் விழும்.

நண்பர்களே, நம்மில் பலர் நாளை லைனில் நிற்போம். சிலர் சூப்பர்வைசராகவும் ஆவோம். நிற்கிறவர்கள், வலி வந்த முதல் வாரமே வாய் திறந்து சொல்லுங்கள். ஃபிக்ஸ்ச்சர் வரைகிறவர்கள், வேலை முழங்கை உயரத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். மேடையை இரண்டடியாக்குங்கள். முடுக்கும் கன்னைப் பேலன்சரில் தொங்கவிடுங்கள். ஒருவன் வந்து கை வலிக்கிறது என்றால், அவன் கையைப் பார்க்கும் முன் அவன் கால் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.