தொலைந்த சாவியும் பதினோராவது விதியும்

போன மாதம் எங்கள் காரின் சாவி தொலைந்துபோனது. சாவி தொலைந்ததற்கெல்லாம் ஒரு கட்டுரையா என்று நீங்கள் கேட்கலாம். களப்பணிக்கு வர நினைக்கும் தம்பி, தங்கைகளுக்கு இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நாங்கள் நான்கு பேரும் பேசி முடிவு செய்தோம். அதனால் எழுதுகிறோம்.

எடமலைப்பட்டி புதூரில் ஒரு மாடி அறைதான் எங்கள் அலுவலகம். நான்கு வருடத்துக்கு முன்பு நண்பர்களிடம் பணம் திரட்டி, செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன கார் வாங்கினோம். விற்றவர் ஒரே ஒரு சாவிதான் கொடுத்தார். இன்னொன்று எங்கே என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. கார் கிடைத்ததே பெரிது என்றிருந்தோம்.

அந்தக் காரின் முக்கிய வேலை, வன்கொடுமை வழக்குகளில் பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் நீதிமன்றத்துக்கு அழைத்து வருவது. 2025இல் பஞ்சப்பூரில் புதிய பேருந்து முனையம் திறந்த பிறகு எங்களுக்கு எந்த ஊருக்கும் பஸ் ஏறுவது சுலபம். சாட்சிக்கு அப்படி இல்லை. அவர் பஸ் ஏற வேண்டிய நிறுத்தம் ஊர்த்தெருவில் இருக்கிறது. அதற்கு நேர் எதிரே குற்றம் சாட்டப்பட்டவரின் உறவினர் டீக்கடை. வாய்தா அன்று காலையில் அந்தக் கடையைப் பார்த்தபடி அரை மணி நேரம் நிற்பது எப்படி இருக்கும் என்பதை, சமூகவியலில் முதுகலை படித்தபோது எந்தப் பாடமும் எங்களுக்குச் சொல்லவில்லை. அந்த அரை மணி நேரத்தில் பிறழ்ந்துபோன சாட்சிகள் உண்டு.

திங்கள் இரவு கிராமத்தில் கூட்டம் முடிந்து திரும்பினோம். செவ்வாய் காலை சாவியைக் காணோம். பொத்தான்கள் தேய்ந்து போனதால் போன வருடம்தான் அதன் பிளாஸ்டிக் கூட்டை மாற்றியிருந்தோம். அந்த மலிவான கூட்டின் வளையம் அறுந்து எங்கேயோ விழுந்துவிட்டது. மறுநாள் புதன்கிழமை, சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு தாயின் சாட்சியம்.

முதலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனோம். ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார், போலீஸில் புகார் கொடுத்த ரசீது எல்லாம் வேண்டும் என்றார்கள். சாவி கம்பெனியிலிருந்து வர பத்து நாள் ஆகும், பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். ஆவணம் கேட்பதில் தவறில்லை. யார் வேண்டுமானாலும் வந்து யார் காருக்கு வேண்டுமானாலும் சாவி வாங்கிவிட முடியக் கூடாது அல்லவா?

சி.எஸ்.ஆர். ரசீது வாங்க ஒரு காவல் நிலையம் போனோம். எழுத உட்கார்ந்தவர் கேட்ட முதல் கேள்வி, "காரு யாரோடது?" எங்களுடையது என்றோம். "சொந்தமா? இல்ல ஓட்டுறீங்களா?" ஆர்.சி.யை நீட்டினோம். பெயரைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "புதூர்ல எந்தத் தெரு?" தெருவைச் சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டார். தொலைந்த சாவிக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் கேட்கவில்லை. மறுநாள் வாய்தா இருந்தது. ரசீதுதான் முக்கியம் என்று வாயை மூடிக்கொண்டோம். இப்படி வாயை மூடிக்கொண்ட இடங்களை நம்மில் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கலாம்.

மதியம் பாலக்கரையில் சாவி செய்யும் பாயைத் தேடிப் போனோம். எங்களோடு புதூர் வந்து, கதவைத் திறந்து, பூட்டைப் பார்த்தே ஒரு சாவி வெட்டினார். அது பூட்டுக்குள் நுழைந்தது, திரும்பியது. எஞ்சின் மட்டும் ஓடவில்லை. டேஷ்போர்டில் சாவி படம் போட்ட சின்ன விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது.

"சார், இரும்பு சாவி கதவுக்குத்தான். வண்டிக்கு சிப்பு வேணும்" என்றார்.

அவர் விளக்கியதை உங்களுக்கும் சொல்கிறோம். கதவைத் தூரத்திலிருந்து திறக்கும் ரிமோட்டுக்குத்தான் பேட்டரி. அது பெரும்பாலும் சிஆர் 2032 என்கிற காசு வடிவ பேட்டரி. சாவியின் தலைக்குள் இருக்கும் சிறிய சிப்புக்கு பேட்டரி தேவையில்லை. சாவியை நுழைத்ததும் பூட்டைச் சுற்றியிருக்கும் கம்பிச் சுருள் அதற்கு மின்சாரம் ஊட்டுகிறது. சிப் தன் குறியீட்டைச் சொல்கிறது. காரின் கம்ப்யூட்டரில் பதிந்திருப்பதோடு அது பொருந்தினால்தான் எஞ்சின் ஓடும். இதற்கு இம்மொபிலைசர் என்று பெயர். ஐரோப்பாவில் 1998 முதல் புதிய கார்களில் இது கட்டாயம். தேய்ந்த சாவிக்குக் கூடு மாற்றும்போது பலர் பழைய கூட்டோடு சிப்பையும் குப்பையில் போட்டுவிடுகிறார்கள். போன வருடம் எங்கள் சிப்பைப் பத்திரமாக எடுத்துப் புதிய கூட்டில் வைத்தவரும் இதே பாய்தான்.

சிப் பதிகிற தம்பி வியாழக்கிழமைதான் வருவார் என்றார்கள். எங்களுக்குப் புதன்கிழமை கார் வேண்டும். ஒரு வாடகை டாக்சி பேசினோம்.

டாக்சி ஊர் எல்லை வரை ஒழுங்காக வந்தது. காலனிக்குத் திரும்பும் இடத்தில் டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டார். "ரோடு சரியில்லைங்க, நீங்க போய் கூட்டிட்டு வந்துடுங்க." ரோடு நிஜமாகவே சரியில்லை. எந்தக் காலனிக்கு ரோடு சரியாக இருக்கிறது? அவர் மனதில் இருந்தது ரோடு மட்டும்தானா என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் நாங்கள் அண்ணல் அம்பேத்கரை நினைத்துக்கொண்டோம். 1929இல் சாலிஸ்கானில் அவரை ஏற்றிப்போக எந்தக் குதிரைவண்டிக்காரரும் முன்வரவில்லை. வண்டியை மட்டும் வாடகைக்கு வாங்கி, ஓட்டிப் பழகாத நம் மக்களில் ஒருவர் ஓட்டினார். வண்டி விபத்துக்குள்ளாகி அவர் கால் முறிந்தது. அவர் அப்போது பாரிஸ்டர், அரசு அமைத்த விசாரணைக் குழுவின் உறுப்பினர். 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் புல்லட் ஓட்டினார் என்பதற்காகக் கல்லூரி மாணவர் ஒருவரின் கைகள் வெட்டப்பட்டன. வண்டியில் யார் ஏறலாம், யார் ஓட்டலாம் என்கிற கேள்வியைச் சாதி இன்னும் தன் பாக்கெட்டில்தான் வைத்திருக்கிறது.

நாங்கள் நடந்து போனோம். அந்தத் தாயை நடுவில் விட்டு, டீக்கடையைத் தாண்டி நடத்தி வந்தோம். கடையில் பேச்சு நின்றது. அவர் மட்டும் தலையைக் குனியவில்லை. சாட்சியம் சொன்னார். குறுக்கு விசாரணையிலும் பிறழவில்லை.

திரும்பும்போது டாக்சி மீட்டரைப் பார்த்துக்கொண்டே வந்தவர், "தம்பி, இந்தக் காச நான் எப்படிப்பா அடைப்பேன்?" என்று கேட்டார். "நீங்க ஏம்மா குடுக்கணும், அரசாங்கம் குடுக்கணும்" என்று சொன்னோம். சொன்ன பிறகுதான் எங்களுக்கே உறைத்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் பதினோராவது விதியைப் படித்துப் பாருங்கள். பாதிக்கப்பட்டவருக்கும், அவரைச் சார்ந்தோருக்கும், சாட்சிகளுக்கும் விசாரணைக்கு வந்துபோக இரண்டாம் வகுப்பு ரயில் கட்டணம் அல்லது பஸ், டாக்சிக்கு ஆன உண்மையான செலவைத் தர வேண்டும். விவசாயக் கூலிக்கான குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் தினப்படி தர வேண்டும். பெண்களும், சிறுவர்களும், அறுபது வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் மாற்றுத்திறன் கொண்டவர்களும் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம், அவர் செலவும் உண்டு. பணம் உடனே, அதிகபட்சம் மூன்று நாளுக்குள் தரப்பட வேண்டும். 2015 திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவும் இந்தப் பயணச் செலவை உரிமையாகவே சொல்கிறது.

இதை நாங்கள் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நான்கு வருடத்தில் ஒரு முறைகூட மனுப் போட்டதில்லை. ஏன்? எங்களிடம் கார் இருந்தது. நாங்களே ஏற்றி வந்தோம், நாங்களே இறக்கிவிட்டோம். மக்கள் எங்களுக்கு நன்றி சொன்னார்கள். அந்த நன்றி எங்களுக்குப் பிடித்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். அரசு தர வேண்டியதை நாம் தந்துகொண்டிருந்தால், உரிமை மெல்ல உதவியாகிவிடுகிறது. உதவி கேட்கிறவர் குனிந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது.

டாக்சி பில்லோடு அந்தத் தாயின் பெயரிலேயே மனுப் போட்டோம். விதியின் நகலையும் இணைத்தோம், ஏனென்றால் வாங்கியவருக்கு அது புதிதாக இருந்தது. மூன்று நாளில் வர வேண்டியது இருபத்தாறு நாளில் வந்தது. பணம் வந்த அன்று அவர் போன் செய்து, "அடுத்த வாய்தாவுக்கும் பில்லு போடலாமில்ல?" என்று கேட்டார். அவர் எங்களிடம் நன்றி சொல்லாத முதல் நாள் அது. எங்களுக்கு நிறைவாக இருந்தது.

வியாழக்கிழமை சிப் பதிகிற தம்பி வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே கருவியைச் செருகி, தொலைந்த சாவியின் பதிவை நீக்கிவிட்டு, இரண்டு புதிய சாவிகளைப் பதிந்தார். எல்லாம் சேர்த்து ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். இனி பழைய சாவி யார் கையில் கிடைத்தாலும் எஞ்சின் ஓடாது.

இரண்டாவது சாவி யாரிடம் இருப்பது என்று பேசினோம். எங்கள் குழுவின் தோழி மூன்று வருடமாக லைசென்ஸ் வைத்திருக்கிறார். ஒரு நாளும் அவர் கையில் நாங்கள் சாவியைக் கொடுத்ததில்லை, அவர் கேட்டும் இருக்கிறார். டிரைவரைக் குறை சொன்ன நாங்கள் இதற்கு என்ன பதில் சொல்வது? சாவி இப்போது அவரிடம் இருக்கிறது. போன வாய்தாவுக்கு அவர்தான் ஓட்டிப் போனார்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு சாவியையும் கேட்டு வாங்குங்கள். கார் திருடுபோனால் இன்சூரன்ஸ்காரர்களும் இரண்டையும்தான் கேட்பார்கள். ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது இருக்கும்போதே இன்னொன்று செய்துகொள்ளுங்கள், எல்லாம் தொலைந்த பிறகு செய்வதைவிடச் செலவு குறைவு. நீதிமன்றத்துக்கு யாரை அழைத்துப் போனாலும் பஸ் டிக்கெட்டைக்கூடத் தூக்கி எறியாதீர்கள். பதினோராவது விதியை நகலெடுத்துப் பையில் வையுங்கள், ஒரு நகலைச் சாட்சியிடம் கொடுங்கள்.